எத்தனை பேர்

"எல்லாரும் இருக்கோம்ங்க. எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்று அம்மா மூன்றாவது முறையாகச் சொன்னபோது, அப்பா முகத்திலிருந்த ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கித் தலையணைப் பக்கம் எறிந்தார். பத்து நாளாகத் தானாகப் புரண்டு படுக்க முடியாத மனிதர், முழங்கையை ஊன்றித் தோளைத் தூக்கி, கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார்.

மகள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"அம்மா, 'எல்லாரும்'னு சொல்லாதே, சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"வேற எப்படிடி சொல்றது? நாற்பத்திரண்டு வருஷமா இப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்."

"அதனாலதான் நீ சொல்றதை அவர் நம்பறதில்ல."

அவள் முகமூடியை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினாள். அப்பாவின் காதருகே குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ரெண்டுப்பா. அம்மா ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டு பேர் இருக்கோம். இன்னும் ஒருத்தர் வரணும். தம்பி வாண்டு வந்துட்டிருக்கான்."

அப்பா அதைக் கேட்டார். ஊன்றிய முழங்கை தளர்ந்தது. அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். சொன்ன எண்ணைக் கேட்டவர் திருப்பித் தர வேண்டும். புகைக்குள் வாயைத் திறந்து பேச முடியாது என்பதால் கையில் தட்டித் தருவார்கள். அது தீயணைப்பு நிலையத்துச் சட்டம்; ஆகவே இந்த வீட்டுச் சட்டமும் அதுதான்.

"கேட்டியா?" என்றாள் அம்மாவிடம். அம்மா அப்பாவின் காலைப் போர்வைக்குள் தள்ளிவிட்டாள்.

முப்பத்தைந்து வருடம் தீயணைப்பு வீரராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகியும், அவரிடம் போய் "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால், "மூணு பேரும் சௌக்கியம்" என்றுதான் பதில் வரும். தன்னை அந்த எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள மாட்டார். "நான் கதவுல நிக்கிறவன், என்னை எண்ணக் கூடாது" என்பார். சினிமா முடிந்தால் கூட்டமெல்லாம் போகும்வரை வாசலில் நின்று தலைகளை எண்ணிவிட்டுத்தான் வெளியே வருவார். துணிக்கடையில் அம்மா ஒரு தளம், பிள்ளைகள் இன்னொரு தளம் என்று பிரிந்துவிட்டால் போச்சு, மனிதர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் படிக்கட்டில் நிற்பார். மகளுக்குக் கல்யாணம் ஆனதும் எண்ணிக்கை நான்காயிற்று. எட்டு வருடம் கழித்து அவள் ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்த நாளில், அப்பா ஏன் என்று கேட்கவில்லை, யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "சரி, மூணு" என்று மட்டும் சொன்னார். அன்று அவளுக்கு வந்த அழுகை, அந்த எட்டு வருடத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

அவரைப் போல வீட்டைக் கட்டிக்கொண்டு கிடந்தவர் அந்த நிலையத்தில் வேறு யாரும் இல்லை. இருபத்து நான்கு மணி நேர வேலை முடித்து வருவார். புகை வாடை போகும்வரை தேய்த்துக் குளித்த பிறகுதான் பிள்ளைகளைத் தொடுவார். பள்ளிக்கூட நாளில் அவளுக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். தீயணைப்புக் குழாயைக் கட்டும் முடிச்சைப் போட்டு ரிப்பனைக் கட்டிவிடுவார். சாயங்காலம் அதை அவிழ்க்க அம்மாவும் அவளும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டும்.

"எல்லாரும்" என்ற சொல் ஏன் அவருக்கு ஆகாது என்பதை அப்பா வீட்டில் சொன்னதே இல்லை. பணி ஓய்வு விழாவில், அவரோடு வேலை செய்த வண்டி டிரைவர்தான் மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அது பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பு. நான்கு மாடித் தங்கும் விடுதியில் தீ. வாசலில் நின்று வெளியே வருகிறவர்களை எண்ணும் வேலை அப்பாவுக்கு. அப்பா எண்ணி முடிக்குமுன்பே விடுதி மேனேஜர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "எல்லாரும் வந்தாச்சு சார், எல்லாரும்" என்றிருக்கிறான். அப்பா அதை அப்படியே வாங்கி ஆபீசரிடம் சொன்னார். உள்ளே போய்த் தேடக் காத்திருந்த வீரர்களை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி அறையில், படுக்கை விரிப்பு துவைக்கிற பெண் பிணமாகக் கிடந்தாள். வேலை முடித்துக் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறாள். விடுதிப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. துவைக்கிறவளை யார் பதிவேட்டில் எழுதுவார்கள்?

அதிலிருந்துதான் இந்தப் பிடிவாதம். கண்ணால் பார்த்து எண்ணாமல் எவன் சொன்னாலும் நம்புவதில்லை. வீட்டில் அப்படிப் பார்த்து எண்ணிச் சொல்கிற ஒரே ஆள் மகள்தான். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து லென்ஸ் தேய்க்கிறவள். பவரில் கால் பாயிண்ட் தப்பினாலும் திருப்பிப் போடுகிறவள். "கணக்கம்மா" என்றுதான் அவளைக் கூப்பிடுவார்.

காலையில் வந்த சிஸ்டர் நாடியைப் பார்த்தாள், விரலில் மாட்டும் கருவியைப் பார்த்தாள், அப்புறம் மகளைப் பார்த்தாள். "முந்தாநாளே முடியும்னு டாக்டர் சொல்லித்தானே வீட்டுக்கு அனுப்பினாங்க? இந்த அளவுல இவ்வளவு நேரம் இருந்து நான் பார்த்ததில்ல. யாரையாவது எதிர்பார்க்கிறாரா?"

"என் தம்பியை."

"எப்போ வருவாரு?"

"பத்து மணிக்கு."

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றேகால்.

தம்பி இந்த வீட்டுப் படி ஏறிப் பதினோரு வருடம் ஆகிறது. அவனும் தீயணைப்பு வேலைக்குத்தான் விண்ணப்பித்தான். எழுத்துத் தேர்வில் தேறினான், ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். மருத்துவப் பரிசோதனைக்கு முந்தின நாள், அப்பா பழக்கப்பட்ட டாக்டரிடம் போய், "பையனுக்குச் சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஐந்து வயதோடு போன வீசிங். வேலை கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து விஷயம் தெரிந்தபோது தம்பி கூடத்தில் நின்று, "நான் உங்க பையனா, இல்ல எதிரியா?" என்று கத்தினான். அப்பா, "நீ அதுக்குள்ள போக வேண்டாம்" என்றார். ஏன் என்று அவன் தொண்டை கிழியக் கேட்டான். அப்பா வாயைத் திறக்கவில்லை. விடுதிக் கதையை அன்று சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று மகளுக்கு இன்றுவரை ஆத்திரம் உண்டு. மறுநாளே அவன் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டான். இப்போது எங்கோ குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கிறான். "நெருப்பு வேண்டாம்னார், ஐஸுல போய் விழுந்தான்" என்று அம்மா அழுதுகொண்டே சிரிப்பாள். அம்மாவோடும் அக்காவோடும் போனில் பேசுவான். அப்பாவிடம் மட்டும் இல்லை. ஆனாலும் தெருவில் யார் கேட்டாலும் அப்பா சொல்லும் எண் மூன்றுதான். ஒருநாளும் அதை இரண்டு என்று குறைத்துச் சொன்னதில்லை.

மகள் மறுபடி போன் செய்தாள். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. எட்டரை மணிக்குப் பேசியபோது, பஸ் ஊருக்குள் வந்துவிட்டதாகச் சொன்னான்.

அம்மா சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "சொல்லிடு."

"என்னத்தை?"

"மூணுன்னு சொல்லிடு."

மகளுக்கு விளங்கியது. விளங்காதது போலப் பாத்திரத்தைக் கழுவினாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டார். நீ சொன்னா நம்புவார்."

"அது பொய்ம்மா."

"பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். உனக்கு அந்த மூச்சு கேட்குதா இல்லையா? நான் அவர் பக்கத்துல படுக்கிறவ. ஒவ்வொண்ணும் எனக்குக் கேட்குது. யாரோ கிணத்துலேருந்து கையால மண்ணு அள்ளுற மாதிரி இருக்குடி."

"இன்னும் கொஞ்ச நேரம்மா. பதினோரு வருஷம் கழிச்சு வர்றான். வந்து பார்க்கும்போது இவர் இல்லன்னா, அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். இவரை விடச் சொல்லு."

அம்மா கண்ணைத் துடைக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. வீட்டுச் செலவுக்கு ஏதோ வாங்கி வரச் சொல்கிற தொனியில்தான் சொன்னாள். அதுதான் மகளைப் பயமுறுத்தியது.

பதினொன்றரை வரை பார்க்கலாம் என்று நினைத்தாள். பதினொன்றரை ஆனதும் இன்னும் பத்து நிமிடம் என்று நினைத்தாள். அந்தப் பத்து நிமிடமும் அவள் கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்கள் நீலம் பாரித்துவிட்டன. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து எலும்பின் மேல் பள்ளம் விழுந்தது. கண் மட்டும் அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தர் வரணும் என்று சொல்லிவிட்டாளே, அவர் எப்படிப் போவார்? உள்ளே ஆள் இருக்கும்போது கதவை விட்டு நகர்ந்ததுண்டா? தான் சொன்ன எண்தான் அவரை இப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது என்று அவளுக்குத் திடீரென்று உறைத்தது.

அப்பா மறுபடி முழங்கையை ஊன்றப் பார்த்தார். இந்த முறை முழங்கை படுக்கையில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

அவள் எழுந்தாள். பொய் சொல்வதானால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். கூடத்தைக் கடந்து போய் வாசல் கதவைத் திறந்தாள். வெளியே நின்று படிக்கட்டைப் பார்த்தாள். யாரும் இல்லை. கீழே தையல்கார அக்கா கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து, அப்பா காதில் விழும்படி கதவைச் சத்தமாகச் சாத்தினாள்.

"மூணுப்பா" என்றாள் குனிந்து. குரல் ஒத்துழைத்தது, அவளுக்கே ஆச்சரியம். "வாண்டு வந்துட்டான். இப்பதான் வந்தான். என் கண்ணால பார்த்தேன். அம்மா ஒண்ணு, நான் ஒண்ணு, அவன் ஒண்ணு. மூணு பேர்."

அப்பாவின் கண் வாசலை விட்டு அவள் முகத்துக்கு வந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார். மணிக்கட்டை அவர் விரலடியில் கொண்டுபோய் வைத்தாள்.

ஒரு தட்டு. இன்னொன்று. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் மூச்சு விடாமல் நின்றாள். மூன்றாவது தட்டு, தட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, விரல் தோலில் பட்டு நின்றது.

அதற்குப் பிறகு அவர் எதையும் பிடித்துவைக்கவில்லை. மூச்சு ஒவ்வொன்றாக எட்ட எட்ட வந்தது. பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில், அடுத்தது வரும் என்று மூன்று பேர் காத்திருக்க, வரவில்லை. சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவினாள். "போயிட்டாரு" என்றாள், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதாக.

மகளுக்கு உடனே அழுகை வரவில்லை. வந்தது வேறொன்று. வாழ்நாள் முழுக்க அப்பா இன்னொருவர் சொன்ன தப்பான கணக்கை இரண்டு முறைதான் அப்படியே நம்பினார். முதல் முறை அந்த மேனேஜர். இரண்டாவது முறை அவள். எண்ணாதே என்று அவரே கற்றுக்கொடுத்திருந்தால் பரவாயில்லை. எண்ணக் கற்றுக்கொடுத்து, அதை நம்பி, ஏமாந்து போய்விட்டார். சுவரில் சாய்ந்து நின்றாள்.

சிஸ்டர் டாக்டருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனாள். அவள் போன இரண்டாவது நிமிடம் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி உள்ளே வந்தான். தாடி வளர்ந்திருந்தது, முன்தலை கொஞ்சம் ஏறியிருந்தது. மற்றபடி அதே வாண்டு. அறை வாசலில் சடக்கென்று நின்றுவிட்டான். காலில் செருப்பு இருந்ததைக்கூட மறந்துவிட்டான்.

"பஸ் லேட்டாடா?" என்றாள் அம்மா, நெற்றியைத் தடவுவதை நிறுத்தாமல்.

"ம்" என்றான்.

அம்மா கையை நீட்டினாள். அவன் போய்த் தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முப்பத்து மூன்று வயது ஆள், உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான். மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது. இன்னும் ஒரு முக்கால் மணி நேரம் அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால், அப்பா தாக்குப்பிடித்திருப்பார்; இவனும் பார்த்திருப்பான். இரண்டு பேருக்கும் துரோகம் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். அதை அவனிடம் எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை.

வாசலில் யாரோ மெல்லக் கூப்பிட்டார்கள். தையல்கார அக்கா. கழுத்தில் அளவு நாடா, கையில் ஒரு பெரிய தோள்பை. மகள் போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா அழுதாள்.

"இப்பதான் சிஸ்டர் சொன்னாங்க. தங்கமான மனுஷன்மா. என் கடையில வயரெல்லாம் அவர்தான் பார்த்துப் பார்த்து மாட்டிக் குடுத்தார்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையை நீட்டினாள். "தம்பி பையை கடையிலேயே போட்டுட்டு ஓடி வந்துட்டாரு."

"எந்தத் தம்பி?"

"உன் தம்பிதான். பத்தேகாலுக்கெல்லாம் வந்துட்டாரே. தெரியாதா? படிக்குப் போவாரு, திரும்பி வருவாரு. அப்புறம் நான்தான் ஸ்டூல் போட்டு, உட்காருங்கன்னு சொன்னேன். பாவம், தண்ணிகூட வேணாம்னுட்டாரு."

மகள் பையை வாங்கி வாசல் நடையில் கீழே வைத்தாள். அக்கா படியிறங்கிப் போனாள். மகள் கூடத்துக்கு வந்து, "வாண்டு, இங்க வா" என்றாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். பையைப் பார்த்ததும் விஷயம் புரிந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"பதினெட்டுப் படிடா" என்றாள். சத்தம் அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. "வெறும் பதினெட்டுப் படி."

"எட்டு வரைக்கும் ஏறினேன்க்கா. ரெண்டு தடவை. என்ன பேசறதுன்னு தெரியல. நீ போன் பண்ணினப்பல்லாம் கையிலதான் இருந்துச்சு, எடுத்தா மேல வரச் சொல்லுவியேன்னு எடுக்கல. கடைசியில நீ கதவைத் திறந்த சத்தம் கேட்டுச்சு. நீ எட்டிப் பார்த்துக் கூப்பிடுவ, போயிடலாம்னு எழுந்துகூட நின்னேன். நீ கூப்பிடல. டமால்னு சாத்திட்ட. யாரோ வந்துட்டாங்க போலன்னு மறுபடி உட்கார்ந்துட்டேன். யாருக்கா வந்தது அப்போ?"

"நீ" என்றாள்.

அவன் விளங்காமல் பார்த்தான்.

"நீ வந்துட்டேன்னு சொன்னேன். மூணுன்னு சொன்னேன். பொய்யின்னு நினைச்சுட்டுத்தான் சொன்னேன்."

அந்த வீட்டில் வளர்ந்தவன். அதற்குமேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டான். "திருப்பிக் குடுத்தாரா?" என்று கேட்டான்.

"குடுத்தார். மூணும்."

இரண்டு நாளாக அவனுக்காக அவர் வாசலைப் பார்த்துக் கிடந்ததை அவள் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் தன் ஆத்திரம் அடங்கும். இவன் அதைச் சுமந்துகொண்டே கிழவனாவான். சொல்வதற்கு இனி எத்தனையோ வருடம் இருக்கிறது, சொல்லாமலிருப்பதற்கும்.

"என்னைக் கேட்டாராக்கா?"

"நீ வந்துட்டேன்னு தெரிஞ்சுதான் போனார்" என்றாள். இதில் பொய் ஒரு சொட்டு இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அப்போதுதான், காலையிலிருந்து வராத அழுகை வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

அறைக்குள்ளிருந்து அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"வாண்டு" என்றாள். "வழியில பையை வைக்காதேடா. யாராவது அவசரமா வெளிய போகணும்னா தடுக்கும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பையை எடுத்தான். கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். பழைய அலமாரி இருந்த இடத்தில் ஆக்சிஜன் உருளை நின்றது, அவன் படுக்கும் கட்டில் இருந்த மூலையில் மருந்து மேசை. எங்கே வைப்பது என்று தெரியாமல், பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.